விமானப் பேராசிரியர் கப்பலில் வந்தார்

இராசமாணிக்கம்: அங்க உக்காராத. அது அப்பா நாற்காலி.

சிவஞானம்: சரிண்ணே.

இராசமாணிக்கம்: அந்த மொளகு மூட்டை மேல உக்காரு. என்ன பாக்குற, கோட்டு அழுக்காயிடுமா?

சிவஞானம்: இல்ல... கடைக்கு முன்னால ஆளுங்க நிக்கிறாங்க போல இருக்கே. கதவு மூடியிருக்கு, துக்க வீடுன்னு தெரியாதா?

இராசமாணிக்கம்: நல்லாத் தெரியும். அவங்க துக்கம் கேக்க வரல. உன்ன வேடிக்கை பாக்க வந்திருக்காங்க. ப்ளேன் புரொபசர் கப்பல்ல வந்து எறங்கியிருக்காராம், மாத்தளை முழுக்க இதே பேச்சுத்தான்.

சிவஞானம்: பேசட்டும்.

இராசமாணிக்கம்: காலையில பக்கத்துக் கடை மக்கீன் நானா வந்து என்ன கேட்டாரு தெரியுமா? "மொதலாளி, ஒங்கட தம்பி ஏன் கப்பல்ல வாரார்? செஞ்ச ப்ளேன் எல்லாத்தையும் வித்துப்போட்டாரா?"ன்னாரு.

சிவஞானம்: நல்லாத்தான் கேட்டிருக்காரு.

இராசமாணிக்கம்: சிரிக்காத! உனக்குச் சிரிப்பு வருதா? அப்பனுக்குக் கருமாதி முடிஞ்சு, பந்தல் பிரிச்சு, வாடகைப் பாத்திரத்தையும் திருப்பிக் குடுத்த பொறகு ஆடி அசைஞ்சு வந்து எறங்குற, உனக்குச் சிரிப்பு வருதா?

சிவஞானம்: சிரிக்கலண்ணே. என் மூஞ்சியே அப்படித்தான் ஆயிருச்சு.

கிருஷ்ணம்மா: ராசு... வந்ததும் வராததுமா ஏண்டா அவனப் புடிச்சு வச்சிருக்க? ரெண்டு பேரும் உள்ள வாங்க, குடிக்க ஊத்துன பிளேன்டி ஆறுது.

இராசமாணிக்கம்: வர்றோம்மா! நீ அடுப்பப் பாரு! ...இந்தா பாரு, மெதுவாப் பேசு. அம்மா காதுல எதுவும் விழ வேணாம்.

சிவஞானம்: நீங்கதானேண்ணே சத்தம் போடுறீங்க.

இராசமாணிக்கம்: போடுவேன்டா! போடாம? அப்பாவுக்குப் பக்கவாதம் அடிச்ச அன்னிக்கே நான் தந்தி அடிச்சேன். நீ என்ன பதில் அடிச்ச?

சிவஞானம்: "புறப்பட்டுவிட்டேன்"னு அடிச்சேன்.

இராசமாணிக்கம்: எதுல புறப்பட்டேன்னு ஒரு வார்த்தை போட்டியா?

சிவஞானம்: நீங்க கேக்கலியே.

இராசமாணிக்கம்: கேக்கணுமா? மீன் விக்கிறவன்கிட்டப் போயி, உங்க வீட்டுல மீன் கொழம்பு வைப்பீங்களான்னு எவனாவது கேப்பானா? ப்ளேனுக்குப் பாடம் நடத்துறவன் ப்ளேன்லதான் வருவான்னு நாங்க நெனச்சது எங்க தப்பா?

சிவஞானம்: இல்லண்ணே. உங்க தப்பு இல்ல.

இராசமாணிக்கம்: நம்ம தங்கச்சி அழகாயி புருசன் கணபதி இருக்காருல்ல, பாவம், உன்ன போட்டோவுல பாத்ததோட சரி. கார் புடிச்சுக்கிட்டுப் போயி ஏர்போர்ட்டுலயே கெடந்தாரு. எறங்கி வர்ற கறுப்புக் கோட்டுக்காரன் ஒருத்தன் விடாம, "நீங்கதான் சிவஞானமா, நீங்கதான் சிவஞானமா"ன்னு கேட்டிருக்காரு. கடைசியில ஒரு பாதிரியாரையும் புடிச்சிட்டாரு.

சிவஞானம்: அடக் கடவுளே.

இராசமாணிக்கம்: பாதிரியாரு தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருக்காரு. அதுதான் அவரு போன பயணத்துக்கு மிச்சம். நீ அந்நேரம் எங்க இருந்த?

சிவஞானம்: சூயஸ் கால்வாய்க்குக்கூட வந்து சேரல.

இராசமாணிக்கம்: என்ன செஞ்சுக்கிட்டு இருந்த? மேல்தட்டுல நின்னு காத்து வாங்குனியா? உனக்குத்தான் காத்துன்னா உசிராச்சே.

சிவஞானம்: அறைக்குள்ளதாண்ணே இருந்தேன்.

இராசமாணிக்கம்: அது சரி. பதினாறு வருசமா அந்தச் சீமையில நீ என்னதான் கிழிக்கிற? அதுக்கு ஒரு பேரு சொல்லுவியே...

சிவஞானம்: ஏரோடைனமிக்ஸ்.

இராசமாணிக்கம்: பேரக் கேட்டா பெரிய டாக்டர் வேலை மாதிரி இருக்கு. வேலை என்ன? ஒரு பெரிய குழாய். அதுக்கு ஒரு பக்கத்துல விசிறி. நடுவுல ஒரு பொம்மை ப்ளேன். விசிறியப் போட்டுட்டு, பொம்மை ஆடுதா ஆடலியான்னு பாக்கணும். இதானே?

சிவஞானம்: இதேதாண்ணே. மூணு வருசம் மூச்சு முட்டப் பாடம் நடத்தியும் என் மாணவங்க இத இவ்வளவு சுருக்கமா எழுத மாட்டேங்கிறானுங்க.

இராசமாணிக்கம்: நக்கலா? இந்த மாதிரி காத்துல வச்சுத்தான் நம்ம கடையில பொம்பளைங்க மொளகு தூத்துறாங்க. அவளுகளுக்கும் புரொபசர்னு போர்டு எழுதி மாட்டட்டுமா?

சிவஞானம்: மாட்டுங்க. எனக்கு அதுல பொறாமை இல்ல.

இராசமாணிக்கம்: ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. நீ ஒரு ப்ளேனாவது முழுசாச் செஞ்சிருக்கியா?

சிவஞானம்: ஒருத்தனாலயும் முழுசாச் செய்ய முடியாதுண்ணே. எனக்கு இறக்கை. இறக்கைக்கு மேல காத்து எப்படிப் போகுது, எந்த எடத்துல பிச்சுக்கிட்டுப் போகுது, அதான் என் வேலை.

இராசமாணிக்கம்: சரி, அந்த இறக்கை எதுலயாவது பறக்குதா, இல்ல அதுவும் கடுதாசிலதானா?

சிவஞானம்: பறக்குது. ஆளுங்க ஏறிப் போறாங்க. இந்த ஊரு வழியாக்கூடப் போயிருக்கும்.

இராசமாணிக்கம்: நீ ஏறியிருக்கியா?

சிவஞானம்: இல்ல.

இராசமாணிக்கம்: உன் இறக்கையில நீயே ஏறல!

சிவஞானம்: ஒரு தடவை... ஓட்டிப் பாத்து எல்லாம் சரின்னு ஆன பொறகு, வேலை செஞ்ச அத்தனை பேரையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போனாங்க. வரைபடம் போட்ட பொண்ணுங்க, கூட்டிப் பெருக்குற கெழவர், எல்லாரும் ஏறுனாங்க.

இராசமாணிக்கம்: நீ?

சிவஞானம்: நான் கீழ நின்னேன். எல்லாரோட கோட்டையும் கையில வாங்கி வச்சுக்கிட்டு நின்னேன்.

இராசமாணிக்கம்: கோட்டு புடிக்கவா! அட என் தங்கமே! இதுக்கா அப்பா நீ பாஸான அன்னிக்கு இந்தத் திருகோணமலை வீதி பூராவும் வெடி கொளுத்துனாரு? கோட்டு புடிக்கிறதுக்கு உக்குவளை ஸ்டேஷன்லயே ஆள் எடுப்பானே!

சிவஞானம்: அங்க டிபார்ட்மெண்டுலயும் சிரிப்பாங்க. எனக்குக் "கப்பல் புரொபசர்"னு பட்டப்பேரு. அமெரிக்காவுல ஒரு பெரிய வேலைக்குக் கூப்பிட்டாங்க. அடிக்கடி பறக்கணும்னாங்க. வேணாம்னுட்டேன். என்கிட்டப் படிச்ச பையன் போனான். இப்ப அவன் எழுதுன புத்தகத்தத்தான் நான் பாடம் நடத்துறேன்.

இராசமாணிக்கம்: அப்படி என்னடா பயம் உனக்கு?

சிவஞானம்: பயம்னு யார் சொன்னா?

இராசமாணிக்கம்: பின்ன? எனக்குத் தெரியும்டா. உன் கணக்கு தப்புன்னு உனக்கே தெரியும். அதான் நீ ஏற மாட்டேங்கிற. ஊரான் பெத்த புள்ளைங்கள ஏத்தி விட்டுட்டு, கீழ நின்னு கோட்ட வாங்கிக்கிற. தான் தின்னாத பண்டத்தக் கடை வாசல்ல விக்கிறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

சிவஞானம்: என் கணக்குல தப்பு இல்ல.

இராசமாணிக்கம்: அப்ப ஏறு!

சிவஞானம்: அது வேற, இது வேறண்ணே.

இராசமாணிக்கம்: பாத்தியா, பேச்ச மாத்துற. கணக்கப் பத்திச் சொன்னா மட்டும் சுருக்குனு வருது, ஏறுன்னா மழுப்புற. இப்படி ஒருத்தனத்தான் அப்பா தலையில தூக்கி வச்சு ஆடுனாரு. மேல ஒரு சத்தம் கேட்டா போதும், யாவாரத்தப் பாதியில விட்டுட்டு றோட்டுக்கு ஓடுவாரு. நெத்தியில கைய வச்சு மேல பாத்து, "ஞானம் செஞ்சது"ம்பாரு.

சிவஞானம்: எந்த ப்ளேனப் பாத்தாலுமா?

இராசமாணிக்கம்: எந்த ப்ளேனப் பாத்தாலும்! கொசுவுக்கு மருந்தடிக்கிற ப்ளேன் ஒண்ணு யட்டவத்தைப் பக்கம் சுத்துச்சு. அதுவும் நீ செஞ்சதுதான்னு பஸ் ஸ்டாண்டுல சண்டை போட்டாரு. உன்னால எனக்குக் கெடைச்ச பேரு தெரியுமா? "ப்ளேன்காரர் அண்ணன்." மொளகு வாங்க வர்றவன்கூட, நெறுவையில காத்து சேத்துராதீங்கன்னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போவான்.

கிருஷ்ணம்மா: டேய், எத்தனை தடவை கூப்பிடுறது? சோறு போட்டாச்சு. பாகக்காய் கொழம்பு வச்சிருக்கேன், அவனுக்குப் புடிக்கும்.

சிவஞானம்: வர்றேம்மா, ரெண்டு நிமிசம்.

இராசமாணிக்கம்: பாகக்காய் கொழம்பு! எனக்கு ஒரு நாள் கேட்டு வச்சுக் குடுத்ததில்ல. சரி, வெட்டிப் பேச்சு போதும். விசயத்துக்கு வர்றேன். நீ திரும்பிப் போற கப்பல் எப்ப?

சிவஞானம்: வியாழக்கிழமை.

இராசமாணிக்கம்: இன்னிக்குச் சாயங்காலம் பங்காளிங்க வர்றாங்க. கோயில் தலைவரையும் வரச் சொல்லியிருக்கேன். அவங்க முன்னால நீ ஒரு வார்த்தை சொல்லணும்.

சிவஞானம்: என்னன்னு?

இராசமாணிக்கம்: அப்பாவுக்குத் தலைமகன் கொள்ளி வைக்கணும். நான் வச்சுட்டேன். அம்மாவுக்குக் கடைசி மகன் வைக்கணும். அது நீ. அதானே நம்ம வழக்கம்?

சிவஞானம்: ஆமா.

இராசமாணிக்கம்: அம்மாவுக்கும் வயசு எழுபதத் தொடுது. நாளைக்கே ஒண்ணுன்னா, நீ மறுபடியும் கப்பல்ல சூயஸ் கால்வாய் வேடிக்கை பாத்துக்கிட்டு வருவ. அது வரைக்கும் அவள ஐஸ் பெட்டியில வச்சிருக்க என்னால முடியாது. அதனால, "அம்மாவுக்கும் அண்ணனே கொள்ளி வைக்கட்டும், எனக்கு அந்த உரிமை வேணாம்"னு பங்காளிங்க முன்னால சொல்லிட்டுக் கப்பல் ஏறு. அவ்வளவுதான்.

சிவஞானம்: அத மட்டும் கேக்காதீங்கண்ணே.

இராசமாணிக்கம்: ஏன்?

சிவஞானம்: வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. கடை, வீடு, பல்லேபொலத் தோட்டம், எதுலயும் எனக்குப் பங்கு வேணாம். கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அம்மாவுக்கு நான்தான் வைப்பேன்.

இராசமாணிக்கம்: எப்படி வைப்ப? அங்க இருந்து ஊதி விடுவியா உன் குழாயில?

சிவஞானம்: வருவேன்.

இராசமாணிக்கம்: வருவ. என்னிக்கு? சாம்பலக் கரைச்ச பொறகா?

சிவஞானம்: தந்தி கெடைச்ச மறுநாள் இங்க நிப்பேன். நீங்க ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க.

இராசமாணிக்கம்: மறுநாள்னா? கப்பல் என்ன பறக்குதா?

சிவஞானம்: கப்பல்ல இல்ல. ப்ளேன்ல வருவேன்.

இராசமாணிக்கம்: என்னது?

சிவஞானம்: அம்மாவுக்குன்னா... அப்ப ப்ளேன்ல வருவேன்.

இராசமாணிக்கம்: இரு இரு இரு. எனக்குத்தான் காது சரியாக் கேக்கலியா? அம்மா செத்தா ப்ளேன்ல வருவ?

சிவஞானம்: ஆமா.

இராசமாணிக்கம்: அப்ப உனக்கு ப்ளேன்ல ஏறத் தெரியும்! ஏற முடியும்! பயம் கியம் ஒண்ணும் கெடையாது!

சிவஞானம்: பயம்னு நான் சொல்லவே இல்லியேண்ணே.

இராசமாணிக்கம்: அப்பாவுக்குக் கப்பல், அம்மாவுக்கு ப்ளேனா? த்தூ! உனக்கு வெடி கொளுத்துனது யாரு? அந்தாளு என்ன தெருவுல போனவனா?

சிவஞானம்: அண்ணே, மெதுவா...

இராசமாணிக்கம்: இனி என்னடா மெதுவா! அந்தாளு எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியுமா? வாய் கோணிப் போச்சு. பேச்சு குழறிப் போச்சு. ஆனா உன் பேரு மட்டும் தெளிவா வந்துச்சு. "ஞானம் எங்க, ஞானம் எங்க"ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், "ஏறிட்டான்பா, ப்ளேன்ல வந்துக்கிட்டே இருக்கான்"னு. அதுல இருந்து மனுசன் கண்ண மூடல. மோட்டுவளையவே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. லாரி சத்தம் கேட்டாலும் "இந்தா வந்துட்டான்"ம்பாரு.

சிவஞானம்: வேணாம்ணே...

இராசமாணிக்கம்: கேளு! காத்துல எல்லாம் தெரிஞ்சவனாச்சே நீ, இதையும் கேளு! கடைசியா ஒரு தடவை "இந்தா"ன்னாரு. அன்னிக்கு வானத்துல ஒண்ணும் போகல. என் மகன் இறக்கை செய்யிறான், அவன் வந்துருவான்னு ஒரு கெழவன் காது குடுத்துக்கிட்டே செத்துப்போனான். நீ ஏறியிருந்தா அவரு கையப் புடிச்சிருக்கலாம்டா. அவரு உசிரோட இருக்கும்போதே வந்திருக்கலாம்.

சிவஞானம்: தெரியும்ணே. கப்பல்ல தினம் அந்தக் கணக்கத்தான் போட்டேன். எத்தனை மணிக்கு ஏறியிருந்தா எத்தனை மணிக்கு அவரு பக்கத்துல நின்னிருப்பேன்னு. அந்தக் கணக்கு எனக்கு நல்லாவே வரும்.

இராசமாணிக்கம்: அப்ப ஏண்டா ஏறல? ஒரே ஒரு காரணம் சொல்லு. பொய்யாவது சொல்லு. டிக்கெட் கெடைக்கலன்னு சொல்லு, காய்ச்சல்னு சொல்லு. நான் நம்பிட்டுப் போயிடுறேன்.

சிவஞானம்: பொய் எதுக்குண்ணே.

இராசமாணிக்கம்: அப்ப உண்மையச் சொல்லு!

சிவஞானம்: சொல்ல முடியாது.

இராசமாணிக்கம்: அப்பன் மேல என்னடா வன்மம் உனக்கு? அவர்னா உனக்கு இளக்காரம், அம்மான்னா உசிரு. அப்படித்தானே? அப்படித்தான் சாயங்காலம் பங்காளிங்களுக்குச் சொல்லப் போறேன்.

சிவஞானம்: சொல்லிக்குங்க.

இராசமாணிக்கம்: ஊரே உன் மூஞ்சியில காறித் துப்பும்.

சிவஞானம்: துப்பட்டும்.

இராசமாணிக்கம்: அம்மாவும் கேப்பா. அவ முன்னாலயே வச்சுக் கேப்பாங்க, ஏன் வரலன்னு. அவளையும் நிக்க வச்சு விசாரிப்பாங்க. அதுவும் பரவாயில்லியா?

சிவஞானம்: ...அம்மாவ எதுக்கு அங்க கூப்பிடுறீங்க?

இராசமாணிக்கம்: அவ கொள்ளி பத்தின பேச்சு, அவ இல்லாமப் பேச முடியுமா? அவளும் நடுவுல உக்காந்து பதில் சொல்லட்டும், இந்த மாதிரி ஒரு புள்ளைய எப்படிப் பெத்தேன்னு.

சிவஞானம்: வேணாம்ணே. சரி. நீங்களே வைங்க.

இராசமாணிக்கம்: என்னது?

சிவஞானம்: அம்மாவுக்கும் நீங்களே கொள்ளி வைங்க. எனக்கு வேணாம்னு பங்காளிங்க முன்னால சொல்றேன். அம்மாவ மட்டும் அங்க நிக்க வைக்காதீங்க. இப்பவே வேணும்னாலும் கூப்பிடுங்க, சொல்லிட்டுப் போயிடுறேன்.

இராசமாணிக்கம்: அவ்வளவுதானா? இப்பத்தான் கடை வேணாம், வீடு வேணாம், அது மட்டும் வேணும்னு நின்ன.

சிவஞானம்: இப்ப வேணாங்கிறேன். நீங்க கேட்டது கெடைச்சிருச்சுல்ல?

இராசமாணிக்கம்: ஒரு சண்டைகூடப் போட மாட்டியாடா? சட்டையப் புடிச்சு ரெண்டு அறையாவது விடுவன்னு பாத்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு... ஏய், என்ன இது? அழுவுறியா?

சிவஞானம்: மொளகு நெடி.

இராசமாணிக்கம்: மொளகு மூட்டையிலயே பொறந்து வளந்தவனுக்கு நெடியாம்! ...அம்மா! நீ எப்ப வந்து கதவுகிட்ட நின்ன?

சிவஞானம்: அம்மா, நீ உள்ள போ. நாங்க வந்து சாப்பிடுறோம்.

கிருஷ்ணம்மா: ரொம்ப நேரமாத்தான் நிக்கிறேன்.

இராசமாணிக்கம்: நல்லதாப் போச்சு. நீயே கேளும்மா இவன. உன்கிட்டயாவது வாயத் தொறக்குறானான்னு பாப்போம். அப்பாவுக்கு ஏறாதவன் உனக்கு மட்டும் ஏறுவானாம். ஏன்னு கேளு!

சிவஞானம்: அம்மா, சொல்லாத. போ உள்ள!

கிருஷ்ணம்மா: அவன எதுக்குக் கேக்கணும் ராசு, என்னக் கேளு. உலகச் சண்டை நடந்த காலத்துல கொழும்புத் துறைமுகத்துல வேலை பாத்த எந் தம்பிய, ப்ளேன்ல வந்து குண்டு போட்டுக் கொன்னாங்க. எட்டு வருசம் கழிச்சு இவன் வந்து ப்ளேன் படிக்கப் போறேங்கிறான், உங்க அப்பா வெடி கொளுத்துறாரு, நான் என்ன பண்ணுவேன்? படிச்சுக்க, ஆனா ஏறாதன்னேன். நான் உசிரோட இருக்கிற வரைக்கும் ஏற மாட்டேன்னு மாரியம்மன் படத்துக்கு முன்னால சூடத்த அணைச்சு சத்தியம் பண்ண வச்சேன். வெளியில சொல்லாத, ஊரு சிரிக்கும், உங்க அப்பா அதுக்கு மேல சிரிப்பாருன்னு சொன்னதும் நான்தான். சொல்லலியே பாவி மகன், நீ இந்தப் பேச்சு பேசியும் சொல்லலியே! உங்க அப்பா மேல பாத்துக்கிட்டுக் கெடந்தப்ப, நீங்க எல்லாரும் சத்தம் வருதான்னு காது குடுத்தீங்க, வராதுன்னு எனக்கு மட்டும் தெரியும். ஏறி வாடான்னு ஒரு தந்தி அடிக்கச் சொல்லியிருந்தா வந்திருப்பான், சொல்ல எனக்கு வாய் வரலடா. புருசன் போறது தெரிஞ்சு போச்சு, புள்ளையவாவது தரையில வச்சுக்குவோம்னு இருந்துட்டேன். இப்பவாவது விட்டுக் குடுன்னு ரெண்டு பேரும் கேக்காதீங்க, மாட்டேன், என்னால முடியாது. கொள்ளி அவனுக்குத்தான். நான் செத்த சேதி போய்ச் சேந்த பொறகுதான் அவனுக்கு ப்ளேன் ஏற வழி தெறக்கும். பொணத்த அவசரப்பட்டு எடுத்துறாத ராசு, அன்னிக்குப் பறந்து வருவான்.